ஒம்போதாவது குழி

ஒரு பந்த அடிச்சுக் குழியில தள்றதுக்கு மலையே வேணுமாம்! எங்க வீட்டு மனுசன் முஹம்மது இஸ்மாயில் சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு பினாங்குலதான். அங்க மலைச்சரிவுல வெள்ளைக்காரங்களுக்குக் கோல்ஃப் மைதானம் போடுற வேலை. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா பரங்கிப்பேட்டைக்கு வருவாரு, சென்ட்டும் பிஸ்கட்டும் கொண்டாருவாரு, திரும்பப் பெட்டியக் கட்டுவாரு. ஒரு தடவ எங்க மக மலிகா அவர வச்சுக்கிட்டே, "உம்மா, இந்த மாமா எப்பப் போவாங்க?"ன்னு கேட்டுட்டா. அன்னிக்கு அவரு சோத்துல கை வைக்கல. நானுந்தான்.

அறுபத்து நாலுல வந்திருந்தப்ப, சிதம்பரம் ரைஸ்மில் முதலாளி சிங்காரம் ஆளனுப்புனாரு. ஊட்டியில யாரோ ஆடுனதப் பாத்துட்டு வந்து மனுசனுக்குக் கோல்ஃப் கிறுக்கு புடிச்சிருச்சு. கடலூர் கேப்பர் மலையில அவருக்கு ஒரு முந்திரித் தோப்பு. "ஒம்போது குழி போடுங்க பாய். ஆடிப் பாத்துப் புடிச்சிருந்தா நீங்கதான் மேனேஜர், குடும்பத்தோட இங்கயே இருங்க. புடிக்கலன்னா உங்க கப்பல் இருக்கவே இருக்கு"ன்னாரு. மலையடியில ஒரு ஓட்டு வீட்டையும் குடுத்தாரு. நானும் மலிகாவும் அங்க வந்துட்டோம்.

இவரு பண்ணுன கூத்தச் சொன்னா நம்ப மாட்டீங்க. கூடை நெறைய எலுமிச்சங்காய வாங்கியாந்து மலை மேலேர்ந்து ஒண்ணொண்ணா உருட்டி விட்டாரு. காய் எங்க வளையுது, எங்க நிக்குதுன்னு பின்னாலயே ஓடுவாரு. "என்னா மச்சான், ஊறுகாய்க்கு இல்லாம இப்பிடி உருட்டுறீங்க?"ன்னு கத்துவேன். "மலைய வெட்டக் கூடாது புள்ள. பந்து எங்க போவணும்னு அதுவே சொல்லும்"பாரு. காய் நின்ன எடத்துலல்லாம் அறுகம்புல்லு வச்சுக் குழி தோண்டுனாரு. ஒம்போதாவதுக்கு மட்டும், பாக்க எடுப்பா இருக்கட்டுமேன்னு, உச்சியில மண்ணக் கொட்டி மேடு கட்டுனாரு.

குழிக்குக் குழி கொடி நடணுமே, தச்சுக் குடுத்தது நான்தான். கடைசிக் கொடிக்குத் துணி பத்தல. என் பழைய தாவணியக் கிழிச்சுத் தச்சேன். அது பச்சைத் தாவணி.

அங்கதான் புடிச்சுது சனியன். மலை உச்சியில மண்மேடு, அதுல பச்சைக் கொடி, சுத்தி இவரு உருட்டி மிஞ்சுன எலுமிச்சங்கா. பாத்தவங்க என்னா நெனப்பாங்க? யாரோ அவுலியா, பெரிய மகான், அங்க அடங்கியிருக்காங்கன்னு ஊரெல்லாம் பரவிருச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் ஊதுபத்தியும் சர்க்கரையுமா ஏறி வந்துட்டாங்க. நம்ம ஆளுங்களும் வந்தாங்க, பூக்கூடையோட மத்தவங்களும் வந்தாங்க.

ஞாயித்துக்கிழமை சிங்காரம் வந்தாரு. எட்டுக் குழியும் ஆடி முடிக்கிறப்ப வாயெல்லாம் பல்லு. ஒம்போதாவதுக்கு ஏறுனா அங்க ஒரே கூட்டம், சாம்பிராணிப் புகை. மனுசன் சட்டுன்னு பூட்ஸக் கழட்டிட்டாரு.

"பாய், இங்க யாரு அடங்கியிருக்காங்க?"

நானும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். இவரு கூட்டத்தப் பாத்தாரு. "யாரும் இல்லீங்க. இது நான் கொட்டுன மண்ணு. அந்தக் கொடி எங்க வீட்டுக்காரி தாவணி"ன்னு போட்டு ஒடச்சிட்டாரு.

கூட்டத்துல இருந்த லோகநாயகின்னு ஒருத்தி அசரணுமே! "தாவணியா இருந்தா என்னா? எம் பொண்ணுக்கு நேத்தே காய்ச்ச வுட்டுப்போச்சு"ன்னு இன்னொரு ஊதுபத்தியக் கொளுத்துனா.

சிங்காரம் தலைய ஆட்டுனாரு. "நாலு பேரு கும்புட்ட எடத்துல நான் பந்தடிக்க மாட்டேன் பாய். எட்டுக் குழிய வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?" பூட்ஸக் கையில எடுத்துக்கிட்டுக் காரப் பாத்து எறங்க ஆரம்பிச்சாரு. வர்ற வெள்ளிக்கெழமை நாகப்பட்டணத்துலேர்ந்து இவருக்குப் பினாங்குக் கப்பல்.

"ஒரு நிமிசம் மொதலாளி"ன்னாரு இவரு. கூட்டத்துல ஒரு எலுமிச்சங்கா கேட்டு வாங்குனாரு. அதுவரைக்கும் எங்க வீடு இருந்த பக்கம் மட்டும் அவரு காய உருட்டுனதே இல்ல. இப்ப அந்தப் பக்கமா விட்டாரு. அது செம்மண் சரிவுல ஓடி, முந்திரி மரத்தச் சுத்தி, எங்க கொல்லையில துணி தொவைக்கிற கல்லுகிட்டப் போய் நின்னுது. "ஒம்போதாவத அங்க வச்சுக்கலாம்"ன்னாரு.

சிங்காரம் எட்டிப் பாத்தாரு. "கும்புடுற எடத்த வுட்டுட்டு மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சா எடமே தெரியாதே. அடையாளத்துக்கு ஒரு கொடி நட்டா அடிச்சுப் பாக்கலாம்"ன்னாரு.

நான் ஒரே ஓட்டமா எறங்கி வீட்டுக்குள்ள போனேன். மிச்சத் துணி ஒண்ணும் இல்ல. பெட்டியத் தொறந்தேன். கப்பல்ல போட்டுக்கிட்டுப் போறதுக்குன்னே இஸ்திரி போட்டு வச்சிருந்த அவரு வெள்ளச் சட்டை மேலயே இருந்துச்சு. யா அல்லான்னு முதுகுப் பக்கம் டர்ருன்னு கிழிச்சேன். துணி காயப்போடுற மூங்கில்ல கட்டிக் கல்லுகிட்ட உசத்திப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் டொக்குன்னு சத்தம். பந்து கூட்டத்துத் தலைக்கு மேல பறந்து வந்து சரிவுல விழுந்துச்சு. எலுமிச்சங்கா வந்த வழியிலயே உருண்டு வந்து என் காலுகிட்ட நின்னுது. பின்னாலயே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சின்னப் புள்ளையாட்டம் ஓடியாந்தாரு சிங்காரம்.

"பாய்! இந்தக் கல்லத் தள்ளிப் போடச் சொல்லுங்க. இதான் ஒம்போது. கப்பலுக்கு ஆளு வரலன்னு தந்தி அடிச்சிருங்க!"

நான் மூங்கிலப் புடிச்சுக்கிட்டே ஓன்னு அழுதுட்டேன். இவரு கிட்ட வந்தாரு, கொடியத் தொட்டுப் பாத்தாரு. காலர் இன்னும் அதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"அடிப்பாவி, இது கப்பலுக்கு வச்சிருந்த சட்டையாச்சே. மொதலாளி வேணாம்னுட்டுப் போயிருந்தா நான் எதப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன்?"

"அதுக்குத்தான் கிழிச்சேன்"னேன்.