தமாமில் ஒரு வெள்ளிக்கிழமை

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சுவாதி முதலில் உண்மையைத்தான் சொன்னாள். பிரிந்து வந்துவிட்டதாகச் சொல்வாள். உடனே வீட்டின் சொந்தக்காரர்களுக்கு ஏதாவது ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும். சொக்கலிங்கபுரத்தில் மகன் குடிவரப் போவதாகச் சொன்னார்கள். திருச்சுழி ரோட்டில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அவள் படியிறங்கி வருவதற்குள் அடுத்த குடும்பம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

அருப்புக்கோட்டையில் அந்த வருஷம் வாடகை வீடு கிடைப்பது அப்படி இருந்தது. ரோடு வேலைக்கு வந்தவர்கள், மில் சூப்பர்வைசர்கள், பிள்ளைகளை டவுனில் படிக்கவைக்க நினைத்த கிராமத்துக் குடும்பங்கள் என்று எல்லோரும் அதே நாலைந்து தெருக்களைத்தான் சுற்றினார்கள். உப்பில்லாத தண்ணீர் வரும் வீடென்றால் போர்டு மாட்டிய அன்றைக்கே போய்விடும். சுவாதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அடுத்த மாதத்திலிருந்து மதியம் தொடங்கி இரவு பத்து மணி வரை வேலை என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். வீடு கிடைக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படியில், அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

புரோக்கர் பால்பாண்டிக்கு அவளோடு அலைந்து அலுத்துப்போயிற்று.

"ஏன் தாயி, கோர்ட்டுக் கூண்டுலயா நிக்கிற? எதுக்கு எல்லாத்தையும் ஒப்பிக்கிற?" என்றார். "வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லு. இந்த ஊரு ஆம்பளைகள்ல பாதிப் பேரு அங்கிட்டுத்தான் கெடக்கான். எவன் போயி ஆளு இருக்கான்னு எண்ணிப் பாக்கப் போறான்?"

அன்று அவர் காட்டியது ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரி ரஹ்மத் நிஷா, பள்ளிக்கூடம் போகும் மகளோடு இருந்தாள். நிஷா குழாயைத் திறந்துவிட்டாள். சுவாதி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். உப்பே இல்லை. மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு அப்பால் கரிசல் காடு வானம் வரைக்கும் விரிந்து கிடந்தது. இங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காக?"

"வெளிநாட்டுல."

"வெளிநாட்டுலன்னா?"

பஸ் ஸ்டாண்டு டிராவல்ஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர்களில் ஒன்று வாயில் வந்தது. "தமாம்."

நிஷாவின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம சவுதி! எங்க இவுக ரியாதுல. பாலவனத்தத்துல இருந்து ஒரு வாத்தியார் குடும்பம் அட்வான்ஸோட வந்துட்டுப் போச்சு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன். ஆம்பள தூரமா இருக்குற வீட்டுப் பாடு நமக்குத்தான தெரியும்? நீங்களே வந்துருங்க."

அப்படி வந்த புருஷன்தான் மாதவன். முதலில் அவனுக்குப் பெயர் மட்டும்தான் இருந்தது. வேலைக்குப் போகுமுன் கீழே உட்கார்ந்து டீ குடிக்கும் காலை நேரங்களில் நிஷா கேட்கக் கேட்க அவன் வளர்ந்தான். கிரேன் ஓட்டினான். மீன் சாப்பிடமாட்டான். விளக்கை அணைத்தால் தூங்கமாட்டான். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து இடது புருவத்தில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பைச் சொன்ன அன்று சுவாதிக்கே அவனைத் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. நிஜமாகவே அவளைக் கட்டியவனைப் பற்றி இப்படிச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் சுவாதி கீழே போகமாட்டாள். அது நிஷாவின் நேரம். ரியாதில் அவள் புருஷன் ஒலி முகம்மதுக்கு அன்றைக்குத்தான் லீவு. உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நிஷா சமைப்பாள். அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏய், உப்பு போட்டியா இல்லியா?" என்று போனிலிருந்து குரல் மாடி வரைக்கும் கேட்கும். "வந்து தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள் நிஷா.

சித்திரை பிறந்ததும் நிஷா ஒரு சேதி சொன்னாள். "இவுக ரெண்டு மாசத்துல லீவுல வாராக. உங்க வீட்டுக்காரரு நம்பரக் குடுங்க. ஏதாச்சும் ஜாமான் குடுத்துவிட்டா இவுக கொண்டாந்துருவாக."

சுவாதி பதறிப்போனாள். கேள்வியை அதோடு முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். "அவரு இப்பப் பேசுறதே இல்லக்கா. நம்பரும் போக மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள்.

நிஷா கேள்வியை முடிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா?" என்றாள். ஏஜெண்டு ஏமாற்றி விட்டிருப்பான், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருப்பான், அடிபட்டுக் கிடந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் சொன்னாள். போட்டோ கேட்டாள். பழைய போனோடு போய்விட்டது என்றாள் சுவாதி. "தழும்பு இருக்குல்ல, போதும். நான் துவா செய்றேன். நீங்க மனச விட்றாதீக."

அடுத்த வெள்ளிக்கிழமை கீழே தாளிக்கும் சத்தம் கேட்டது. போன் சத்தம் இல்லை. நெட்டு கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு சுவாதி வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நிஷா மாடிக்கே வந்து போனை நீட்டினாள். ஒலி முகம்மது பேசி அனுப்பியிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் பஸ் இரைந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, தமாம் போயிட்டுத் திரும்பிக்கிட்டிருக்கேன். நம்ம ஆளுக இருக்குற கேம்ப்பா ஏறி எறங்கிட்டேன். கிரேன் ஓட்டுறவுக, இடது புருவத்துல தழும்புன்னு சொல்லிக் கேட்டேன். தமிழ் மெஸ்ஸுல நம்பர எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன். ஆஸ்பத்திரியிலயும் பாத்தாச்சு, அங்க இல்ல, அந்த மட்டுக்கும் நல்லது. வெயிலு கொஞ்சம் ஓவரு, அதான் பாதியோட திரும்பிட்டேன். வார வெள்ளிக்கிழம மிச்சத்தப் பாத்துருவேன். நீங்க அழுகக் கூடாது."

"போறதுக்கே நாலஞ்சு மணி நேரமாம்" என்றாள் நிஷா. "விடியுமுன்ன கெளம்பிருக்காக."

சுவாதி ஜன்னலைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் சில மாதங்கள் இந்த ஜன்னல் அவளுடையது. ஒரு மனிதர் வெள்ளிக்கிழமை தோறும் வெயிலில் இறங்கி, அவள் டீ குடித்துக்கொண்டே வைத்த ஒரு தழும்பை கேம்ப் கேம்ப்பாகத் தேடுவார்.

"அக்கா, அவரப் போக வேணாம்னு சொல்லுங்க" என்றாள். "அங்க யாருமே இல்ல."

நடந்ததையெல்லாம் சொன்னாள். நிஷா போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களாக்கா?"

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் நிஷா. "அதுல நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அந்த வாத்தியாருக்குத்தான் குடுத்திருப்பேன்." பிறகு, "வாரத்துக்கு ஒரு நா தான் அவுக மொகத்தப் பாக்குறது. அதயும் எடுத்து உங்களுக்குக் குடுத்தேன்" என்றாள்.

சுவாதி அவள் கையைப் பிடிக்கப் போனாள். நிஷா கையை விலக்கிக்கொண்டு போனை வாய்க்கு அருகில் வைத்தாள்.

"என்னங்க, இனிமே தேட வேணாம். அவரு ஊருக்கே வந்துட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சு. நல்லா இருக்காராம்."

பதில் உடனே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! சொன்னேன்ல? தங்கச்சிக்கு அவரு கையால ஒரு டீ போட்டுத் தரச் சொல்லு." அவர் சிரித்த சிரிப்பு அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது.

"அலஞ்ச மனுசன்கிட்ட யாருமே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள் நிஷா. "புருசன் வந்துட்டாருன்னா நீங்க இங்க தனியா இருக்க முடியாதுல்ல? மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் போர்டு தொங்கியது. அரை மணி நேரத்தில் பந்தல்குடியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த சுவாதிதான் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாயைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் குடித்துப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மேற்கு ஜன்னல் அருகே போய் நின்றுகொண்டாள்.

"இவ்வளவு நல்ல வீட்ட ஏங்க காலி பண்றீங்க?" என்று கேட்டாள்.

நிஷா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு தமாம்ல இருந்து வந்துட்டாரு" என்றாள் சுவாதி. "அதான், ஊருக்கே போறோம்."