சுடாத நாற்பத்துநாலு

கார்வர் ஊரில் ஹார்லனின் துப்பாக்கிக் கடையில், கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டு முழுக்கப் பெரிய ரிவால்வர்கள். எல்லாம் கைமாறி வந்தவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தோட்டாப் பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் சரியாக ஆறு தோட்டா குறையும். வாங்கியவன் ஆசையாக ஆறு தடவை சுட்டிருப்பான், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், அடுத்த மாதம் "அலமாரியில இடமில்ல" என்று சொல்லி இங்கே கொண்டுவந்து போட்டிருப்பான். அலாஸ்காவில் அலமாரிக்கு இப்படி ஒரு பஞ்சமா என்று ஹார்லன் கேட்பான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டொய்ல் அங்கே போனான். அவனுக்கு அறுபத்தொரு வயது. பதினேழு வருஷம் வடகோடி எண்ணெய் வயலில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். ஏப்ரலில் ஓய்வு பெற்று, லூன் ஏரிக்கரையில் இருக்கும் தன் மரவீட்டுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தான். ஜூலையில் அவன் மனைவி லோரீன் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு, அறுபது மைல் தள்ளி ஆற்றோரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இல்லாத புருஷனோடு பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, இருக்கிற புருஷனோடு மூன்று மாதம் தாங்கவில்லை என்று ஊரில் பேசிச் சிரித்தார்கள். அது டொய்லின் காதிலும் விழுந்தது.

போகும்போது அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். "உனக்காகக் காத்திருந்து காத்திருந்தே பழகிட்டேன் டொய்ல். இப்ப நீ வந்துட்ட. காத்திருக்கவும் ஒண்ணுமில்ல, பேசவும் ஒண்ணுமில்ல" என்றாள். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று அன்று மாலையே தோன்றிவிட்டது. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் அவன் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்று. கதவோர ஆணியில் தொங்கிய ரிவால்வரும் அதன் தோல் உறையும். பதினொரு வருஷத்துக்கு முன் அவளுக்கென்று அவன் வாங்கிக் கொடுத்தது. அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வேண்டாதவன் கொடுத்தது வேண்டாததுதானே என்று அவனே அர்த்தம் பண்ணிக்கொண்டான். விற்றுத் தொலைத்துவிடலாம் என்று, அதனோடு வாங்கிய தோட்டாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஹார்லன் ரிவால்வரைக் கையில் வாங்கிச் சிலிண்டரைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எங்கிட்ட வாங்கினதுதானே இது? நாற்பத்துநாலு காலிபர். அன்னைக்கு நீ எனக்கே பாடம் எடுத்தியே, ஞாபகமிருக்கா?"

டொய்லுக்கு நினைவிருந்தது. பழம் பறிக்கப் போகிறவர்களுக்கு நீளத் துப்பாக்கி உதவாது என்பது அவன் கட்சி. இரண்டு கையும் வாளியில் இருக்கும், துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருக்கும், கரடி இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். மார்போடு கட்டிய ரிவால்வர் என்றால் கூடவே இருக்கும். சின்ன ரகம் கரடிக்குக் கோபத்தை மட்டும்தான் வரவழைக்கும். அதனால் பெரியதாக வாங்கினான். வாங்கிக் கொடுத்த பிறகு வடக்கே போய் நிம்மதியாகத் தூங்கினான். அவளைத் தனியே விட்டு வருகிறோமே என்ற நெருடல் அதோடு தீர்ந்தது.

"இதைச் சுட்டதே இல்லப்பா" என்றான் ஹார்லன்.

"என்ன பேசற நீ? வருஷத்துக்கு ஒரு பெட்டி சுட்டுப் பழகச் சொல்லியிருந்தேன். ஆச்சான்னு கேட்பேன், ஆச்சும்பா."

"சுட்ட துப்பாக்கின்னா சிலிண்டர் முகப்புல துளைக்குத் துளை கரி வளையம் இருக்கும். என்ன துடைச்சாலும் போகாது. இதுல ஒரு வளையம் காட்டு பாப்போம். பெட்டியப் பாரு, ஒட்டின காகிதம்கூட கிழியல. என் கடைக்கு அம்பதும் முழுசா வர்ற மொத பெட்டி இதுதான்யா. உன் வீட்டுக்காரி புத்திசாலி."

டொய்லுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆனா கட்டிட்டுத்தான் போவா. நானே பாத்திருக்கேன்."

"உறையைத்தான் கட்டியிருப்பா." ஹார்லன் ரிவால்வரை உறைக்குள் விட்டான். அது உள்ளே லொடலொடவென்று ஆடியது. "தோல் பொய் சொல்லாது. வருஷக்கணக்கா எதை வச்சாங்களோ அந்த வடிவத்துக்கு வந்துடும். இதுல ஏதோ சதுரமா, தடியா ஒண்ணு இருந்திருக்கு. முன்னாடி பாரு, வரிசையாத் துளை. அவளே ஊசியால போட்டிருக்கா."

அந்தத் துளைகளை டொய்ல் முன்பே பார்த்திருந்தான். ஒருமுறை கேட்டதற்கு, "தோலுக்கும் மூச்சு விட வேணாமா?" என்றாள் லோரீன். அவனும் சரி என்று விட்டுவிட்டான். இப்போது அந்தச் சதுரப் பள்ளத்துக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத எதையோ அவள் பதினொரு வருஷம் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

ரிவால்வரைக் கடையிலேயே விட்டுவிட்டு, உறையை மட்டும் எடுத்துக்கொண்டு அகாஃபியா வீட்டுக்கு வண்டியை விட்டான். ஏரிக்கு எதிர்க்கரைக்காரி அவள். அவன் இல்லாத வாரங்களில் லோரீனுக்குப் பேச்சுத்துணை. புகைக்கொட்டகையில் சால்மன் மீன் கீற்றுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் உறையை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இதுக்குள்ள என்ன வச்சிருந்தா?"

"உனக்குத் தெரியாதா?" அகாஃபியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாவே தெரியாதா? அட மனுஷா! ரேடியோ."

"ரேடியோவா? கரடி பேச்சுச் சத்தம் கேட்டா விலகிடும்னா?"

"கரடியாம் கரடி. கரடிக்கெல்லாம் அவ பயந்ததே இல்ல. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு 'காட்டுத் தபால்' வாசிப்பானே, அந்நேரம் பாத்து வீட்டுல இல்லாமப் போயிடுவோமோன்னுதான் பயம். பழக்காட்டுக்குப் போனா ரேடியோ, வலை எடுக்கப் போனா ரேடியோ. காலைல போட்டா படுக்குற வரைக்கும் அணைக்க மாட்டா. வாசிக்க ஆரம்பிச்சா என் வாயப் பொத்துவா."

காட்டுத் தபால் டொய்லுக்குத் தெரியாததல்ல. போன் கம்பி எட்டாத வீடுகளுக்கு ரேடியோ நிலையத்தார் தினம் மத்தியானமும், மறுபடி மாலை ஏழு மணிக்கும் சேதி வாசிப்பார்கள். பீட்டரின் ரம்பத்துக்குப் பல் வந்துவிட்டது. மாடில்டாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம். எண்ணெய் வயலிலிருந்தும் ஆட்கள் போன் செய்து சேதி சொல்வார்கள். சாப்பாட்டுக்கூடத்து போனுக்கு முன்னால் வரிசையில் நின்று, ஆற்றோரம் முழுக்கக் கேட்கும்படி "உன் ஞாபகமாவே இருக்கு" என்று சொல்லும் தடியன்களைப் பார்த்து டொய்ல் சிரித்திருக்கிறான். அவனும் அந்த வரிசையில் நிற்பான், மாதத்துக்கு ஒருமுறை, ஊர் திரும்பும் முன்.

"அவளுக்கு நான் சேதி அனுப்பிட்டுத்தானே இருந்தேன்" என்றான்.

"அனுப்பினியே! 'வியாழன் விமானம். வண்டி கொண்டு வா.' பதினேழு வருஷமா அதே அஞ்சு வார்த்தை. எனக்கே மனப்பாடம்."

"வேற என்னத்த சொல்றது? எனக்கு அங்க ஒண்ணும் ஆகலையே. அவளுக்கும் பயமிருக்கக் கூடாதுன்னு துப்பாக்கி வாங்கிக் குடுத்திருந்தேன்..."

"அதுக்கு அந்தத் துப்பாக்கி பேசிச்சா?" அகாஃபியா உறையை அவன் கையில் திரும்பத் திணித்தாள். "துப்பாக்கிய விட்டுட்டுப் போயிட்டாளேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியற. ரேடியோவ எடுத்துட்டுப் போயிருக்காளே, அது உன் கண்ணுல படலையா?"

டொய்ல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அதையே அன்பு என்று கணக்குப் போட்டு, நிம்மதியாகத் தூங்கியவன் அவன். அவளோ ஊரார் வீட்டுச் சேதியெல்லாம் முடியும்வரை கேட்டு, தன் பெயர் வரவில்லை என்று தெரிந்த பிறகு வாளியைத் தூக்கியிருக்கிறாள். நாள் தவறாமல்.

கடைக்குத் திரும்பியபோது ஹார்லன் ரிவால்வருக்கு விலைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். டொய்ல் மேல்தட்டைக் காட்டினான். அங்கே கைரேடியோ ஒன்று கிடந்தது. "அதைக் குடு. துப்பாக்கிக்குப் பதிலா."

"யோவ், நாற்பத்துநாலுக்கு ரேடியோவா? உனக்கு நட்டம்யா."

"குடுன்னா குடு. உன் போனையும் கொஞ்சம் தா."

நிலையத்தில் எடுத்தவள் சின்னப் பெண் போலிருந்தது. யாருக்கு, யாரிடமிருந்து என்று மளமளவென்று கேட்டாள். அக்கா வீட்டில் இருக்கும் லோரீனுக்கு, டொய்லிடமிருந்து.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டொய்ல் போன் கம்பியை விரலில் சுற்றினான். ஹார்லன் கல்லாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாளை அறுபது மைலும் கேட்கும்.

"சார்? ஏதாவது அவசரமா? விமானம் வருதா? யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல. சும்மாதான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இங்க நேத்து மழ. கிழக்குச் சரிவுல நீலப்பழம் பழுத்திடுச்சு. துப்பாக்கியக் குடுத்துட்டு ரேடியோ வாங்கியிருக்கேன். உறைக்குள்ள சரியா உக்காருது. இத்தன வருஷம் எனக்குப் புரியல லோரீன். நாளைக்கும் சேதி அனுப்பறேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான் வருது."

டொய்ல் போனை வைத்தான். ஹார்லன் தோட்டாப் பெட்டியைத் துடைத்தபடி இருந்தான். இரண்டு பாட்டரியை எடுத்து ரேடியோவில் போட்டுச் சும்மா கொடுத்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, தன் வார்த்தைகளை வேறொருத்தர் குரலில் டொய்ல் கேட்டான். நெஞ்சிலிருந்தே பேசுவதுபோல் இருந்தது. முகம் சூடாகிவிட்டது. பக்கத்தில் யாருமில்லை என்றாலும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு மற்றவர் சேதிகள் வந்தன. கடைசிவரை கேட்டான். அவனுக்கு ஒன்றுமில்லை. மாலை ஏழுக்கும் ஒன்றுமில்லை.

ஆனாலும் தினம் காலையில் ஊருக்குப் போய்ச் சேதி சொன்னான். கூரை ஒழுகியதைச் சொன்னான். ரொட்டி சுட்டு அது செங்கல்லாக வந்ததைச் சொன்னான். ஒருநாள், வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்று சொன்னான். தபாலாபீஸில் யாரோ அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தது. பதில் வராததுதான் தாங்க முடியவில்லை. ரேடியோ காலையிலிருந்து படுக்கும்வரை அவன் நெஞ்சில் பாடியபடியே கிடந்தது. அணைக்க மனம் வரவில்லை. எப்போது என்ன சொல்லுவார்களோ என்று இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிழக்குச் சரிவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தான். நீளத் துப்பாக்கி முப்பது அடி தள்ளி ஒரு பிர்ச் மரத்தில் சாய்ந்திருந்தது. ரேடியோவில் தபால் ஆரம்பித்தது. அப்போது எதிர்ப்புதர் அசைந்து, பழுப்புக் கரடி ஒன்று எழுந்து நின்றது. அவனுக்கும் துப்பாக்கிக்கும் சரியாக நடுவில். பதினொரு வருஷத்துக்கு முன் ஹார்லனுக்கு அவன் எப்படிச் சொன்னானோ, அப்படியே.

கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது. கரடி தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டது. பிறகு புஸ்ஸென்று பெரிதாக ஒரு மூச்சு விட்டு, கிளைகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே "லூன் ஏரி" என்று கேட்டது. கேட்டதா? கேட்டமாதிரி இருந்ததா? சத்தம் அடங்கியபோது ரேடியோவில் யாருக்கோ படகு எஞ்சின் வந்திருந்தது.

டொய்லுக்குக் கரடி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டியா, சனியனே!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினான். உயிர் தப்பியது அவன் நினைவுக்கே வரவில்லை. கத்தி முடித்தபின்தான் லோரீனின் பயம் எது என்று அவனுக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏழு மணி ஆவதற்கு ஏழு மணிநேரம் இருந்தது. வீட்டுக்கு வந்தான். விறகு பிளக்க எடுத்து, கோடாலிச் சத்தத்தில் ஏதாவது தவறிவிடுமோ என்று வைத்துவிட்டான். ஆறரைக்கே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். வெயில் இன்னும் ஏரி மேல் கிடந்தது.

மூன்று பேருக்குச் சேதி வந்தது. நான்காவதாக நிலையத்துப் பெண் வாசித்தாள்.

"லூன் ஏரி டொய்லுக்கு, லோரீன் சொல்றது. பாட்டரி ஒம்போது நாள்தான் தாங்கும். மாத்து பாட்டரி வாங்கிப் பையில வச்சுக்கோ."

அவ்வளவுதான். வருகிறேன் என்றுமில்லை, வர மாட்டேன் என்றுமில்லை. அடுத்த சேதிக்குப் போய்விட்டார்கள்.

டொய்ல் ரேடியோவைக் கையில் எடுத்தான். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ரேடியோ வாங்கி இன்றோடு எட்டு நாள். அவளும் அங்கே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.