கண் திறக்காத பத்துப் பேர்

சிம்பாங் ரெங்கம் டோல் சாவடியில் பஸ்ஸின் இடப்பக்கம் சிமெண்டுத் திட்டில் உரசியது மார்ச் மாதம் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்து பத்துக்கு. உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தகரத்தை நகத்தால் கீறினாற்போல நீளமாக ஒரு கீச்சல், அவ்வளவுதான். ஆனால் ஹேமநாதன் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டார். பத்தொன்பது வருஷமாக இதே பாதையில் பஸ் ஓட்டுகிறவர் அவர். ஒரு சின்ன விளக்கைக்கூட உடைத்ததில்லை.

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் கிருஷ்ணம்மா கண் விழித்தாள்.

"என்னா தம்பி, தூங்கிட்டீங்களா?"

"இல்லக்கா. கை கொஞ்சம் நழுவிடுச்சு."

வாயில் வந்ததைச் சொன்னார். சொன்ன பிறகு அந்தச் சொல்லே அவரைப் பிடித்துக்கொண்டது. கை. அவருடைய அப்பா செல்லப்பன் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் புல்லுக்கு மருந்து அடித்தவர். ஐம்பது வயதில் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். அப்படியும் பாதி சட்டையில்தான் போகும். ஹேமநாதனுக்கு நாற்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

பஸ் முதலாளி மதிவாணன் மறுநாள் வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட் போனா போவட்டும், ஹேமா. உள்ள இருக்கிறது நாப்பத்திரண்டு உசுரு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நானே சாவிய வாங்கிக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சொல்லாவிட்டாலும் ஹேமநாதனுக்குத் தெரியும். சாவியைவிட அந்த நாற்பத்திரண்டு பேர்தான் அவர் தலைக்குள் சுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

தம்போயிலுள்ள தொழிற்சாலையில் பெண்களை ஆறே முக்காலுக்கு இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏழு மணிக்கு ஷிப்டு முடியும்வரை அவருக்கு வேலை கிடையாது. முன்பெல்லாம் வாசலோரம் பஸ்ஸை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடி வலது கையை முகத்துக்கு நேராக நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுங்குவது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், எதிர்க் கடை வரிசையின் மாடிக்குக் கழிவறை கேட்டு ஏறினார். அங்கே மேசைமேல் போர் விளையாடுகிறவர்களுக்கான கடை ஒன்று இருந்தது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. வாங்குகிறவர்களே அவற்றை ஒட்டி, வர்ணம் தீட்டி, படை சேர்த்து விளையாடுவார்களாம். ஒரு சீனப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சிப்பாயின் பொத்தானுக்குத் தங்க நிறம் வைத்துக்கொண்டிருந்தான். கடுகுகூட அதைவிடப் பெரிது. ஹேமநாதன் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார்.

கடைக்காரி லோஷினிக்கு முப்பது வயது இருக்கும். தையல்காரி மாதிரி கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"தங்கச்சி, இது கை நடுங்குறவன் செய்யக்கூடிய வேலையாம்மா?"

"நடுங்காத கை யாருக்குண்ணே இருக்கு? கைய எங்க சாய்ச்சு வைக்கணும்னு தெரிஞ்சா போதும் லா."

பத்துச் சிப்பாய்கள் உள்ள பெட்டி ஒன்றை அன்றைக்கே வாங்கிவிட்டார். கையைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று மனதில் பட்டுவிட்டது. வீட்டில் மனைவி தேன்மொழி பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே பொம்மை வந்துருச்சா?" என்று சிரித்தாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

முதல் சிப்பாய் பாழாய்ப் போனான். வர்ணம் ஒட்டுவதற்காக முதலில் கறுப்பு ஸ்பிரே அடிக்க வேண்டும். அதைக் கடையின் பின்படிக்கட்டில், மழை திரண்டு நிற்கும் மத்தியானத்தில் அடித்தார். காய்ந்ததும் பொம்மை முழுக்க மணல் தூவியது போலச் சொரசொரத்தது.

"அலமாக்! மழை வர்ற நேரத்துல யாருண்ணே ஸ்பிரே அடிப்பாங்க? காத்துல ஈரம் இருந்தா இப்படித்தான் பொரிஞ்சு போவும்," என்றாள் லோஷினி.

அதன்மேலேயே, புட்டியிலிருந்து எடுத்த வர்ணத்தை அப்படியே அப்பினார். கோட்டு மடிப்பெல்லாம் மூழ்கிப்போயின. மூக்கைக் காணவில்லை. லோஷினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்னண்ணே, ஆளு சந்தனக்காப்பு சாத்திட்டு நிக்கிறாரு?"

கடையே சிரித்தது. ஹேமநாதனும் சிரித்தார். பிறகு, பஸ் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு எழுதினார்: 'வர்ணம் கெட்டி. தண்ணீர் சேர்க்கணும்.'

அவர் எதையும் எழுதி வைத்துத் திருத்துகிற ஆள். இரண்டாவது சிப்பாய்க்கு வர்ணத்தைத் தண்ணீர்ப்பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுத்தார். மூக்கு தெரிந்தது. மூன்றாவதில், தூரிகையைத் தாளில் ஒற்றிவிட்டுத்தான் பொம்மையிடம் கொண்டுபோக வேண்டும் என்று கற்றார். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் கோடு இழுத்தால் கை ஆடுவதில்லை. நாலாவதுக்குப் பழுப்புத் தண்ணீரை மேலே ஓடவிட்டார்; அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழலாக மாறியபோது, வெறும் பிளாஸ்டிக் துணியாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு சிப்பாய் என்று கணக்கு. எட்டாவது சிப்பாயின் கோட்டு ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு இழுத்தார். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே இழுப்பு. லோஷினி அதைப் படம் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினாள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. எவனுக்கும் கண் வைக்கவில்லை.

"மத்தவங்கல்லாம் கண்ணத்தான் மொதல்ல வைப்பாங்கண்ணே. தப்பாப் போனா முகத்த மறுபடி பூசிக்கலாம். கடைசில வச்சுத் தப்பாச்சுன்னா மொத்த முகமும் போச்சு."

"அது எப்படிம்மா? சிலைக்குக் கண்ணு கடைசிலதான தொறப்பாங்க. எங்க தோட்டத்து முனீஸ்வரனுக்கு எல்லா வர்ணமும் முடிஞ்சு, ஆளுங்கள வெளிய அனுப்பிட்டுத்தான் கண்ணத் தொறந்தாரு பெயிண்டரு. எதிர்ல ஒருத்தரும் நிக்கக்கூடாது."

"இது சாமி இல்லண்ணே, பிளாஸ்டிக்."

"எதுவா இருந்தா என்ன? கையி சரியானப்புறம் பத்துப் பேருக்கும் சேத்துத் தொறக்கிறேன்."

லோஷினி தோளைக் குலுக்கிக்கொண்டாள். கடையின் கண்ணாடி அலமாரியில் அந்தச் சிப்பாய்கள் வாரத்துக்கு ஒருவராகக் கூடினார்கள். பளபளக்கும் பூட்ஸ், மடிப்புக் கலையாத கோட்டு, உயர்த்திய துப்பாக்கி, முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் குழி. விளையாட வரும் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு அலமாரியின் மறுபக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி, வியாழக்கிழமை. குலாய் ஊரைத் தாண்டிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. பொழுது விடிகிற வெளிச்சம். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள் ஒருவன் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி! ஆளு! ஆளு!"

கிருஷ்ணம்மாவின் அலறலில்தான் ஹேமநாதன் பிரேக்கை மிதித்தார். பின்னால் சாப்பாட்டு டப்பாக்கள் உருண்டன. கொடிக்காரன் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றான். திட்டக்கூட இல்லை. வெளுத்துப்போய்ப் பார்த்தான்.

"அந்த ஆள நீங்க பாக்கலயா?" கிருஷ்ணம்மா கேட்டாள்.

"பாத்தேன்கா. பிரேக் கொஞ்சம் லேட்டாப் புடிச்சுது."

அவர் பார்க்கவில்லை. அந்த இடத்தில் சாலைதான் இருந்தது. கூம்புகள் இருந்தன, மரம் இருந்தது. மனிதன் மட்டும் இல்லை, திடீரென்று இருந்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைக்குப் போய் ஏழாவது சிப்பாயின் பெல்ட்டில் தையல் போட்டது போலப் புள்ளி வைத்தார். பன்னிரண்டு புள்ளிகள். ஒன்றுகூட விலகவில்லை. நோட்டை எடுத்து, 'கை சரியாகிவிட்டது. அப்புறம் எப்படி?' என்று எழுதினார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பேனாவால் அழுத்தி அடித்தார்.

அதன் பிறகு கிருஷ்ணம்மா பஸ்ஸில் தூங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குச் சமமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே இருபத்திரண்டு. பத்தாவது சிப்பாயும் முடிந்திருந்தான். கண் வைப்பதற்கென்று, நகைக்கடையில் ஆசாரி ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த மாதிரி உருப்பெருக்கி ஒன்று வாங்கியிருந்தார். மற்ற வேலைக்கெல்லாம் மேசைவிளக்கே போதுமாக இருந்ததால், அதை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தார். வலது கண்ணில் செருகி, இடது கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் லேசாக ஒரு அழுக்கு. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி செருகினார். அழுக்கு போகவில்லை, பழகிக்கொண்டார். வெள்ளை வைத்து, காய்ந்ததும் நட்டநடுவில் கறுப்புப் புள்ளி. கை கல்லாக நின்றது. மூன்று மணி நேரத்தில் பத்துப் பேருக்கும் கண் திறந்தாயிற்று. வரிசையாக நிறுத்தி, உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

பத்துப் பேரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் மிச்சமில்லாமல் அவருடைய இடது தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோஷினி எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே, எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரியவே பாக்குறாங்க?"

"நேராத்தானம்மா வச்சேன்."

மறுபடி உருப்பெருக்கியைச் செருகினார். நேராக, அவர் முகத்தையே பார்த்தார்கள். கழற்றினார். பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார்கள். முதல் ஆளின் கண்ணை அழித்து மறுபடி வைத்தார். செருகினால் நேர், கழற்றினால் பக்கம். இன்னொரு தடவை அழித்து வைத்தார். அதேதான்.

"கண்ணாடி கோணலாம்மா இது. நடுவுல அழுக்கு வேற."

லோஷினி வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "சுத்தமா இருக்கேண்ணே. அவங்க பக்கமாத்தான் பாக்குறாங்க, இதுலயும்." திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு கண்ணுல வச்சுப் பாருங்க."

இடது கண்ணில் செருகினார். அழுக்கு இல்லை. சிப்பாய் பக்கவாட்டில் பார்த்தான்.

ஹேமநாதன் உருப்பெருக்கியை மேசையில் வைத்தார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னல்வழியாகத் தொழிற்சாலை வாசலைப் பார்த்தார். வாசல் கம்பிகள் நடுவில் உள்ளே அமுங்கி வளைந்திருந்தன. காவலாளி நின்றுகொண்டிருந்தார், தலை இல்லை. பார்வையைக் கொஞ்சம் தூக்கினார். தலை வந்தது. இப்போது மார்பு இல்லை. கையை எடுத்தார். காவலாளி முழுசாக நின்றார்.

இத்தனை நாளும் ஒரு கண்ணின் ஓட்டையை இன்னொரு கண் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அடைக்கத் தவறிய இரண்டு தடவைதான் டோல் திட்டும் கொடிக்காரனும். எல்லாரையும் போலக் கண்ணை முதலில் வைத்திருந்தால், முதல் வாரமே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் ஆறு இருபதுக்கு மதிவாணனுக்குப் போன் போட்டார்.

"இந்த நேரத்துல மாத்து டிரைவருக்கு நான் எங்க போவேன், ஹேமா? ஒரு கண்ணு நல்லாத்தான இருக்கு? இன்னிக்கு ஒருநாள் மெதுவா ஓட்டிட்டு வந்துருங்க. நாளைக்கு டாக்டரப் பாப்போம். பத்தொம்பது வருஷ ரோடு, கண்ண மூடிட்டே வந்துருவீங்க."

மதிவாணன் சிரித்தார். ஹேமநாதன் போனை வைத்தார்.

கீழே இறங்கியபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் ஏறி, கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. மழைத் துளி, வைப்பர், வாசல் விளக்கு. மெதுவாகப் போனால் போய்விடலாம். எண்பது கிலோமீட்டர்தான். ஒரு நிமிஷம் அந்த எண்ணம் நன்றாகவே இருந்தது. பிறகு அவருக்கு அந்தக் கொடிக்காரனின் வெளுத்த முகம் வந்தது. சாவியைத் திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டார்.

ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. பெண்கள் பைகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி வந்தார்கள். கதவு திறக்கவில்லை. தட்டினார்கள்.

"தம்பி, தொறங்க! நனையிறோம்ல?"

"தூங்கிட்டாரா மனுசன்?"

"ஹேமண்ணே, விளையாடாதீங்க லா! புள்ளங்க வீட்டுல காத்திருக்கு!"

அவர் தன் பக்கத்து ஜன்னலைத் தள்ளினார். மழை உள்ளே அடித்தது. கிருஷ்ணம்மா சுற்றிக்கொண்டு அங்கே வந்து நின்றாள்.

"ஏறாதீங்கக்கா."

"என்னா சொல்றீங்க?"

"யாரும் ஏறாதீங்க. வேற வண்டி பாத்துக்குங்க. எனக்கு வலது கண்ணு தெரியல."

கிருஷ்ணம்மா அதை உரக்கத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனாலும் அது வாய்க்கு வாய் பின்னால் போனது. தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கதவோரம் நெருக்கியிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். மழையில் நாற்பத்திரண்டு முகங்களும் பஸ்ஸை அண்ணாந்து பார்த்தன.

கூட்டத்தின் கடைசியிலிருந்து யாரோ ஒருத்தி, கோபம்கூட இல்லாத குரலில் கேட்டாள்:

"எத்தனை நாளா?"