சைலன்சரும் கூட வருகிறார்

கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, லிஃப்ட்காரர் போனில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சும்மா குறட்டை இல்லை. உள்ளே இழுக்கும்போது மரம் அறுப்பது போலவும் வெளியே விடும்போது பழைய மோட்டார்ப் படகு கரை ஒதுங்குவது போலவும் இரண்டு ஸ்தாயியில் விட வேண்டும். போனைத் தலையணைப் பக்கம் நீட்டி, முகத்தை மெத்தையில் அமுக்கிக்கொண்டு, மூச்சு முட்ட விட்டார். வெளியே பாறைமேல் உட்கார்ந்திருந்த நான்கு கடற்பறவைகள் பதறி எழுந்து பறந்தன. பின்னாளில் அவர் இதைச் சொல்லும்போது அவை நாலாயிரம் ஆகிவிடும்.

"கேட்டியா? உன் சைலன்சர் மாமாதான். விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு, இன்னும் எந்திரிக்கல. நேத்து இந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மீன்பிடி படகு, பக்கத்துல கப்பல் வருதுன்னு ஒதுங்கிப் போச்சுன்னா பாத்துக்கோ."

மகள் சிரித்தாள். "பாவம், எழுப்பாதீங்கப்பா. மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டு பேரும் போட்டாச்சு."

வண்டியில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

லிஃப்ட் பழுது பார்த்தே ஆயுளைக் கழித்த மனிதர் அவர். ஏறி இறங்கிய தூரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் குறுக்கே போன தூரம் என்று பார்த்தால் ஊர் எல்லையைத் தாண்டாது. வேலையில் அவருக்கு ஜோடி ஒருவர் இருந்தார். இவர் உச்சியில் மோட்டார் அறையில், அவர் அடியில் பள்ளத்தில். கரண்ட் கொடுப்பதற்கு முன் மேலிருந்து "கீழே?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன், இருக்கேன், போடாதே!" என்று பதில் வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. அந்தப் பதில் பதினாறு மாடி ஏறி வந்து, மொட்டை மாடியில் காயும் துணியையும் ஆட்டிவிட்டுப் போகும். அதனால்தான் ஜோடிக்காரருக்குச் சைலன்சர் என்று பெயர். சைலன்சர் கழன்று விழுந்த வண்டி என்பதன் சுருக்கம்.

ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து, ஒரு சலவைக்கடை கழித்துக்கட்டிய வேனை வாங்கினார்கள். உள்ளே படுக்கை போட்டார்கள், அடுப்பு வைத்தார்கள், சோப்பு வாசனை மட்டும் போகவில்லை. கடலோரமாகவே போய், காட்டுக்குள் நுழைந்து, மறுபடி கடலோரம் வந்து, ரோடு தீரும் வரைக்கும் போவது என்று திட்டம். மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போன வருஷம் தலை சுற்றிக் குளியலறையில் விழுந்த மனிதர் தனியாகப் போகக் கூடாது. "தனியா போறீங்கன்னு தெரிஞ்சுது, நானே நேர்ல வந்து உங்களைக் கூட்டிட்டு வந்து வண்டியையும் வித்துடுவேன்." சைலன்சர் மாமா முன்சீட்டில் உட்கார்ந்து கையாட்டுவதைப் பார்த்த பிறகுதான் வாசல் கதவைச் சாத்தினாள்.

இரண்டாவது சிக்னலில் சைலன்சருக்குப் போன் வந்தது. மருமகளுக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே இரட்டைப் பிள்ளை. பச்சை விளக்கு விழுவதற்குள் பையோடு குதித்துவிட்டார். "நீ போய்க்கிட்டே இருடா, நான் பின்னாடியே பஸ் பிடிச்சு வந்துடறேன்" என்றார். சில நாள் கழித்துப் பேசும்போது குரல் குழைந்தது. "பிள்ளைங்க என் குரலைக் கேட்டாத்தாண்டா தூங்குதுங்க." உலகத்தில் அதுவரை சொல்லப்பட்ட பொய்களிலேயே பெரியது அதுதான் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். அன்று சாயங்காலமே அதைத் தூக்கிச் சாப்பிடும் பொய்யை அவரே தொடங்கிவிட்டார்.

ஆரம்பத்தில் பொய் குஷியாகத்தான் இருந்தது. சைலன்சர் ஒரு வளைவில் வாந்தி எடுத்தார், ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறி, இறங்கப் பயந்து அங்கேயே குடியிருக்கிறேன் என்றார், கடலில் பல்செட்டைத் தொலைத்து மறுநாள் அதே அலையில் திரும்பப் பெற்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் சிக்கல். செங்குத்தான மலை ஒரு பக்கம், பச்சைக் கடல் மறுபக்கம், நடுவே ரோடு பாம்பாக நெளிந்துகொண்டு போகும். "பாருடா" என்று முழங்கையால் இடிக்கப் பக்கத்தில் விலா எலும்பு இருக்காது. அழகு என்பது தனியாகத் தூக்க முடியாத சாமான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்கால வெயில் மஞ்சளானதும் கயிறு அறுந்த லிஃப்டில் நிற்கிற மாதிரி இருக்கும். அதற்காகவே வண்டி ஓட்டும்போதும் சைலன்சரோடு பேச ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்று இருவருக்கும் ஒருநாள் பெரிய சண்டை வந்து, இல்லாத ஆளே ஜெயித்தார்.

குறட்டை விட்ட அன்று மத்தியானம், காட்டு வழி தொடங்கும் இடத்தில் ஒரு கேட்டும் ஒரு சின்ன அறையும் ஒரு காவலரும் இருந்தார்கள். காவலரின் மீசையைப் பிரித்துக் கட்டினால் காட்டுக்கே வேலி போடலாம். உள்ளே போனால் மறுபுறம் கடல் வரும்வரை சிக்னல் கிடையாது என்றார் அவர். லிஃப்ட்காரர் அதைச் சொல்ல மகளைக் கூப்பிட்டார். அதுதான் வினை.

"அப்போ மாமாகிட்ட குடுங்க. ரெண்டு வார்த்தை பேசணும்."

"அவன் தூங்கறான்மா."

"பட்டப்பகல்லயா? எழுப்புங்க. மாமா குரலைக் கேக்காம உங்களைக் காட்டுக்குள்ள விடமாட்டேன். இல்லன்னா இப்பவே கிளம்பி வர்றேன்."

லிஃப்ட்காரர் போனை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு காவலரிடம் ஓடினார். "சார், சார், ஒரு நிமிஷம் எனக்குச் சிநேகிதரா இருக்கணும். என் பொண்ணுகிட்ட பேசணும்."

"எத்தனை வருஷச் சிநேகிதம்?"

"முப்பது, நாப்பது இருக்கும்."

"பேரு?"

"சைலன்சர். கொஞ்சம் சத்தமா பேசணும், அவ்வளவுதான்."

காவலர் தொண்டையைச் செருமினார். சட்டையை இழுத்துவிட்டார். "ஹலோ!" என்று அவர் போட்ட போட்டில் கேட் கம்பி அதிர்ந்தது. லிஃப்ட்காரருக்குக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் இரண்டாவது வார்த்தை வரவில்லை. காவலர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, அறைக்குப் பின்னால் நடந்து போனார். "ம்... ம்... சரிம்மா... இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல..." என்று காற்றில் துண்டு துண்டாக வந்தது. திரும்பி வந்து போனை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க சார். வாக்கு குடுத்தா நான் மாறமாட்டேன்."

"சரி, விடுங்க."

"அந்த மருந்துக்கடை விஷயத்தையும் சொல்லமாட்டேன்."

"எந்த மருந்துக்கடை?"

"உங்க சிநேகிதர் டயப்பர் மூட்டையோட நின்னுட்டிருந்தாராம்ல, உங்க பொண்ணைப் பாத்ததும் மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சாராம்ல, அதைத்தான். நீங்க கிளம்பின வாரமே. என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது."

லிஃப்ட்காரர் வண்டிப் படியில் உட்கார்ந்தார். அப்படியானால் கலங்கரை விளக்கம், பல்செட், காலையில் விட்ட குறட்டை, எல்லாவற்றையும் அவள் தெரிந்தே கேட்டிருக்கிறாள். தெரிந்தே சிரித்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் உங்ககிட்ட பேசணும்னா?"

"'நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அப்பா எப்படியும் யாரையாவது பிடிச்சு நிறுத்துவார்னு தெரியும். அவர் குரல் நல்லாத்தான் இருக்கு, மூஞ்சி எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க'ன்னாங்க. இதையும் நான் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்." காவலர் கேட்டைத் தூக்கினார். "பொய்தான் சார்."

அதுவரை பொய்யாவது கூட வந்துகொண்டிருந்தது. அன்று அதுவும் கேட்டில் இறங்கிக்கொண்டது. மரங்கள் ரோட்டுக்கு மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. "ஏண்டா, இந்த மரத்தைச் சுத்தி வர ஒரு வாரம் ஆகுமா?" என்று பக்கத்தில் கேட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தது சீட். ரெக்சின் கிழிந்த, பஞ்சு எட்டிப் பார்க்கிற, சலவைக்கடைக்காரர் வருஷக்கணக்காய் மூட்டை வைத்துப் பள்ளமாக்கிய சீட். எந்த வண்டியும் எதிரே வரவில்லை. ஒரு பாலத்தில் நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஆழத்தில் தண்ணீர் போவது தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கீழே?" என்று கத்தினார். அந்த அமைதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். அளக்க அவருக்கே மனசு வரவில்லை. வண்டியில் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் சாயங்காலம் காடு திடீரென்று முடிந்தது, யாரோ திரையை இழுத்த மாதிரி. எதிரே கடல். ரோடு அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் நெடுஞ்சாலை, அதில் போனால் வீடு. வலது பக்கம் கடலோரமாகவே இன்னும் நீளுகிற ரோடு. போன் அடித்தது.

"அப்பா! வெளில வந்துட்டீங்களா? அப்பாடா. மாமா எப்படி இருக்கார்?"

வழக்கமான குரல்தான், வழக்கமான சிரிப்புதான். ஆனால் கேட்டுவிட்டு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கு இப்போது கேட்டது. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சைலன்சர் போய்விடுவார். அப்புறம் அப்பாவும் மகளும் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்கள் இருவரும் நேருக்கு நேராக என்ன பேசியிருக்கிறார்கள், மாத்திரையைத் தவிர?

"அவன் நல்லா இல்லம்மா."

சிரிப்பு நின்றது. "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. காட்டுக்குள்ள அவனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சாம். இத்தனை லட்சம் மரம் நிக்குது, ஒண்ணுகூட என்னய்யான்னு கேக்கலையேங்கறான்."

"நீங்க பக்கத்துலதானேப்பா இருந்தீங்க?"

"இருந்தேன். நான் ஒருத்தன் இருந்தது அவனுக்குப் பத்தல."

ஒரு அலை வந்து, கல்லில் மோதி, திரும்பிப் போயிற்று.

"மாமாவுக்கு வீட்டுக்கு வரணும்னு இருக்காப்பா?"

"தெரியல. வந்தா வண்டியை வித்துடுவியோன்னு பயப்படறான்."

"விக்கமாட்டேன்னு சொல்லுங்க." மூக்கை உறிஞ்சினாள். "வந்தாலும் சரி, இன்னும் போனாலும் சரி. நல்லா இல்லாதப்போ நல்லா இல்லன்னு இந்த மாதிரியே சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

"இரு, அவனைக் கேட்டுட்டு வர்றேன்."

"மெதுவாக் கேளுங்கப்பா. நான் வைக்கமாட்டேன்."

ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சீட்டின் பள்ளத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டு, லிஃப்ட்காரர் இறங்கினார். இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நேரே நடந்து, ஈரம் தொடங்கும் இடத்தில் நின்றார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் வண்டிக்குள் போனிலிருந்து, மெலிசாக, மகள் வீட்டில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் உருண்டது. "போன்ல யாரு?" என்று அவள் வீட்டுக்காரர் எங்கோ தள்ளி நின்று கேட்டார். குழாய் மூடிக்கொண்டது. அலை லிஃப்ட்காரரின் கணுக்காலைத் தொட்டு, காலடி மணலைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போயிற்று.