‘தயாரான’ என்ற ஒரு சொல்

4-9-2025, வியாழன்

தவறு ஒன்று. சங்கச் செயலாளர் ஜெயபாண்டி அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதில் இல்லாத ஒரு சொல்லை அறிவிப்பில் சேர்த்துவிட்டேன். அவர் சொன்னது, ‘உள்நாட்டு வண்டிகளுக்கு மட்டும் அனுமதி.’ நான் அடித்தது, ‘உள்நாட்டில் தயாரான வண்டிகளுக்கு மட்டும் அனுமதி.’

நாட்குறிப்பில் நடந்ததை முதலில் எழுத வேண்டும், நினைத்ததைக் கடைசியில் எழுத வேண்டும் என்று மாலைநேரத் தமிழ் வகுப்பில் ஞானபூரணி மிஸ் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிடிபி பிரிவில், கணினியில் எழுத்து அடிக்கும் வேலை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை முதலாளிகள் தங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டாசை வாங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நம் ஆலைக்குள் வெளிநாட்டு வண்டியை விடலாமா என்பது அவர்கள் கேள்வி. இன்று முதல், லோடு கொண்டுவரும் வண்டிகள் உள்நாட்டு வண்டிகளாக இருக்க வேண்டும். அதற்கான அறிவிப்பை ஆலை வாசல்களில் ஒட்ட எங்களிடம் ஆர்டர் வந்தது. செவ்வாய்க்கிழமை அடித்துப் புரூப் அனுப்பினேன். அண்ணாச்சி கட்டைவிரல் படம் போட்டுச் சரி என்றார். நேற்று அச்சாகிப் போய்விட்டது.

இன்று மதியம் அவரே அந்தத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார்.

“இதை அடிச்சது யாரு?”

“நான்தான் அண்ணாச்சி.”

“நான் சொன்னது என்ன, நீ அடிச்சிருக்கது என்ன தாயி? காலையில ஒரு பய வெளிநாட்டுக் கம்பெனி பிக்கப்பைக் கொண்டாந்து கேட்ல நிப்பாட்டிட்டு, இந்தத் தாளை வாட்ச்மேனுக்கு எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டிருக்கான். இங்கன செஞ்ச வண்டிதான்னு கதவைத் தெறந்து தகட்டையும் காட்டிருக்கான். வாட்ச்மேனும் உள்ள விட்டுட்டான்.”

கேட்டதுமே தெரிந்துவிட்டது, அந்தப் பய என் அண்ணன் பெனிட்டோ. அண்ணாச்சிக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

அவர் அனுப்பியதை மறுபடி போட்டுக் கேட்டோம். ‘உள்நாட்டு வண்டி’ என்றுதான் இருந்தது.

“உள்நாட்டு வண்டின்னா இங்க செஞ்சதா அண்ணாச்சி, இல்ல இந்த நாட்டுக் கம்பெனியோடதா?” என்று கேட்டேன்.

“நம்ம வண்டி. இதுல என்ன வெளக்கம் வேண்டிக் கெடக்கு?”

காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த செல்லத்தாய் அக்கா தலையைத் தூக்கவில்லை. “நாட்டு வண்டின்னு போட்டிருக்கலாம் அண்ணாச்சி. ரெண்டு மாட்டைப் பூட்டிட்டா சோலி முடிஞ்சுது.”

“ஒன்ன யாரும்மா கேட்டா?”

“கேக்காமத்தான் சொல்லுதேன். இந்தா ஓடுதே மிசினு, இது ஜெர்மன்காரன் செஞ்சது. இதுல அடிச்சதை ஜெர்மன் காலண்டர்னா சொல்லுதீக?”

“அதைத்தான் நானும் சொல்லுதேன். மிசினு எவன் செஞ்சா என்ன? காலண்டரு நம்ம கம்பெனி பேருல போகுதுல்லா. பேருதான் கணக்கு.”

“அப்ப வாசல்ல நிக்கிற காரு என்ன பேருல ஓடுது அண்ணாச்சி?”

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். அவருடைய வெள்ளைக் காரின் நெற்றியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னம் வெயிலில் மின்னியது.

“அது காரு. தீர்மானம் லோடு வண்டிக்குத்தான்,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “அதுவும் இங்கனதான் செய்யுதாகளாம். ஷோரூம்ல சொன்னாக,” என்றார். சொல்லி முடித்ததும் கையிலிருந்த தாளை விரித்து, முதல் தடவை பார்ப்பவர்போல வாசித்தார்.

தாளை மறுபடி சுருட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நாளைக்குப் பத்து மணிக்குள்ள எனக்கு ஒரே ஒரு வரி வேணும். எவனும் சந்தேகம் கேக்கக் கூடாது. கொழப்புனது நீதான, நீயே எழுதிக் குடு. பழசு மேல ஒட்டிருவோம். அதுவரைக்கும் அந்த மாதிரி வண்டியெல்லாம் வெளியவே நிக்கட்டும்.”

மாலை வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்டேன். எந்த நாட்டில் தயாரானதோ அந்த நாட்டுப் பொருள் என்றார். உடனே, “நிறுவனம் யாருடையது என்றும் பார்ப்பார்கள், இல்லையா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். சாம்சுந்தர் எழுந்து, “மிஸ், எங்க வீடு எங்கப்பா துபாய்ல சம்பாதிச்சுக் கட்டுனது. அது வெளிநாட்டு வீடா மிஸ்?” என்றான். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அடுத்த பாடத்தைத் திறக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அண்ணனின் பிக்கப் நின்றது, இறக்காத அட்டைப்பெட்டிகளோடு. ஆலை வேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு சித்திரையில்தான் இந்த வண்டியை வாங்கினான். அந்த ஆலைகளுக்குப் பெட்டி கொண்டுபோவதைத் தவிர அவனுக்கு வேறு லோடு கிடையாது. உள்ளே விடாவிட்டால் தீபாவளி வரை வண்டி இப்படியேதான் நிற்கும்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “காலையில மொத லோடை உள்ள விட்டாக, மத்தியானம் ரெண்டாவது லோடோட போனா வெரட்டிட்டாக. ஆனா ஜெபி, எவனோ ஒரு நல்லவன் அதுல ‘தயாரான’னு போட்டிருக்கான் பாரு. கர்த்தர் அவனுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டாரு.”

“அதை அடிச்சது நான்தான்.”

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “நீயா? எனக்காகவா போட்ட?”

மோர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினேன். நாளைக்கு எழுதவேண்டிய வரியைப் பற்றியும் சொன்னேன்.

“அப்புறம் என்ன? எழுதுதது நீ. ஒரு வரிதான,” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டான்.

இனி நினைத்தது. ‘உள்நாட்டு வண்டி’ என்பது அரைகுறையாகத் தோன்றியதால் திருத்தினேன் என்றுதான் இன்று மதியம்வரை நினைத்திருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அண்ணன்தான் என்னைப் பிக்கப்பில் கொண்டுவந்து விட்டான். இறங்கிக் கதவைச் சாத்தும்போது அந்தத் தகடு கண்ணில் பட்டது. இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நேராகப் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். அந்தச் சொல் இலக்கணத்திலிருந்து வந்ததா, தகட்டிலிருந்து வந்ததா? எத்தனை முறை யோசித்தாலும் பிரிக்க முடியவில்லை.

இரண்டு வரிகள் எழுதிப் பார்த்தேன். ‘இந்தியாவில் தயாரான வண்டிகளுக்கு மட்டும்.’ இதைப் போட்டால் அண்ணன் உள்ளே போவான். ‘இந்திய நிறுவனங்களின் வண்டிகளுக்கு மட்டும்.’ இதைப் போட்டால் வெளியே நிற்பான். முதல் வரி சரி என்று தோன்றும்போது, அண்ணனுக்காகத் தோன்றுகிறதோ என்று சந்தேகம் வருகிறது. இரண்டாவது வரி சரி என்று தோன்றும்போது, அண்ணனுக்காக எழுதவில்லை என்று காட்டிக்கொள்ளத் தோன்றுகிறதோ என்று அதற்கும் சந்தேகம். வண்டி எந்த நாட்டு வண்டி என்பது எனக்கு இன்னும் தெரியாது. இந்த வரியை எழுத வேண்டியவள் நான் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நாளைய வேலை: பத்து மணிக்கு முன் ஜெயபாண்டி அண்ணாச்சிக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் பிக்கப்காரன் என் அண்ணன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வரிகளையும் வாசித்துக் காட்டி, எது வேண்டும் என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அடிக்க வேண்டும்.