யாரும் மறிக்காத ஏழாம் நம்பர்

கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் கோச்சக்கா அந்தத் தப்பைச் செய்தாள்.

ஆட்டம் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தபால் இலாகாப் பெண்கள் அணியின் தலைவி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நெட்டைப் பெண். ஊரே அவளை ஒட்டகம் என்றுதான் கூப்பிடும், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். கோச்சக்கா அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு உதவி. எங்க ஏழாம் நம்பர் இருக்காளே, அவ என் தம்பி பொண்டாட்டி. தம்பி போய் ஆறு வாரம்தான் ஆகுது. அவ கிட்ட மட்டும் கொஞ்சம் பாத்து ஆடுங்க."

"கேள்விப்பட்டேன்க்கா. கவலைய விடுங்க. நாங்களும் மனுஷங்கதான்," என்றாள் ஒட்டகம், ஈரக் கையால் அவள் கையைப் பிடித்து.

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு கோச்சக்கா தன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் வேலை. மாலையில் ஆஸ்பத்திரிப் பெண்களின் கூடைப்பந்து அணிக்கு அவள்தான் கோச்; அதனால் எல்லாருக்கும் கோச்சக்கா. ஏழாம் நம்பர்க்காரி அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அதனால் அவள் பெயரே இஸ்திரி. பெயருக்கு ஏற்ற மாதிரி சூடும் சட்டென்று ஏறும். அக்காவின் அணியைப் பார்க்க வந்த தம்பி, மைதானத்தில் அதிகமாகக் கத்துகிற பெண் எவளோ அவளையே கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டுக்குள் நாத்தனாரும் அவளும் எலியும் பூனையும். மைதானத்தில் மட்டும் இவள் கண் அசைத்தால் அவள் கால் நகரும்.

தம்பி லாரிப் பட்டறையில் மெக்கானிக். தூக்கி நிறுத்தியிருந்த வண்டி ஜாக்கியிலிருந்து நழுவியது. அடியில் அவன் இருந்தான்.

பத்தாம் நாளே இஸ்திரி பயிற்சிக்கு வந்துவிட்டாள். புருஷன் போன ஈரம் காயவில்லை, அதற்குள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்து தட்ட வந்துவிட்டாள் என்று ஊர் வாய் அசைந்தது. "ஆடுறவ ஆடாம என்ன செய்வா? உங்க வாய் ஒரு நாளாவது லீவு போட்டுதா?" என்று கோச்சக்காதான் அவர்கள் வாயை அடைத்தாள். ஊருக்கு அப்படிச் சொன்னவள் வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். கீறல் விழுந்த கண்ணாடிக் கோப்பையைத் தொடுகிறவள் போலத்தான் தம்பி மனைவியிடம் நடந்துகொண்டாள்.

அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் ஆஸ்பத்திரி அணி இறுதிப் போட்டிக்குப் போகும். ஒன்பது வருஷத்தில் ஒரு முறைகூடப் போனதில்லை. தபால்காரிகள் ஏற்கெனவே போய்விட்டார்கள். இதில் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் குறையாது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று கோச்சக்காவுக்குப் பட்டது. இஸ்திரி பந்தோடு ஓடினால் எதிரே நிற்கிறவள் ஒரு அடி பின்வாங்கினாள். கூடைக்கு எம்பினால் யாரும் கையைத் தூக்கவில்லை. ஒரு பந்து தவறிக் கீழே வந்தபோது இரண்டு தபால்காரிகள் பக்கத்திலேயே நின்றார்கள். அவளே எடுத்து மறுபடியும் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். பள்ளிக்கூட விழாவில் பாட்டு மறந்துபோன குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்த மாதிரிக் கைதட்டல்.

வழக்கமாக மூன்றாவது வரிசையில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். "ஏ ஆமை! பஸ் போயிடுச்சு, ஓடு!" என்று சொந்தப் பெண்டாட்டியையே திட்டுவான். இஸ்திரி ஓட்டத்தை நிறுத்தாமலே, "வீட்டுக்கு வா, உன்னை வெச்சுக்கறேன்," என்பாள். அந்த வரிசையில் இன்றைக்கு யார் யாரோ இருந்தார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை.

இரண்டாம் பாதியில் இஸ்திரி வேண்டுமென்றே இடிக்க ஆரம்பித்தாள். தோளால் ஒருத்தியைத் தள்ளினாள். நடுவர் பள்ளி ஒன்றில் டிரில் மாஸ்டர்; விசில் வாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அடுத்த முறை ஒட்டகத்தின் விலாவிலேயே முழங்கை இறங்கியது. ஒட்டகம் தடாலென்று தரையில் விழுந்தாள். எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, புன்னகையோடு சொன்னாள்:

"பரவாயில்ல."

இஸ்திரி கையிலிருந்த பந்தை ஓங்கிச் சுவரில் அடித்தாள். அது திரும்பி வந்து ஸ்கோர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது. அதற்கும் விசில் இல்லை.

கோச்சக்கா டைம் அவுட் கேட்டாள். அப்போது பலகையில் நாற்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. ஆஸ்பத்திரி அணி பதின்மூன்று புள்ளி முன்னால் இருந்தது.

இஸ்திரி பெஞ்சுக்கு வந்தபோது முகமெல்லாம் ஈரம். வியர்வை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. கோச்சக்கா அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, ரத்தம் எடுக்கும் அறையில் பழகிய குரலில், "என்னையே பாரு. மெதுவா மூச்ச இழு. விடு. ஒண்ணு... ரெண்டு..." என்றாள்.

"நான் என்ன ரத்தம் குடுக்கவா வந்திருக்கேன்? ஊசி எங்க?"

மருந்துக் கவுண்டரில் வேலை செய்கிற, கம்பி என்கிற ஆட்டக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பாத்தீங்களா இல்லையா? ஒருத்தியும் என்னை மறிக்கல. நான் வந்தா ஒதுங்குறாளுங்க, ஆம்புலன்ஸுக்கு வழி விடுற மாதிரி."

"விடட்டுமேடீ," என்றாள் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் கரண்டி. அணியில் அவள்தான் மூத்தவள். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாப்பாங்களா? போடு, ஜெயிப்போம், வீட்டுக்குப் போவோம்."

"எனக்குத் தானம் வேணாம்க்கா. ஆறு வாரமா தானம்தான். கடைல வரிசையே எனக்கு வழி விடுது. வேலைல பாதி மூட்டையத்தான் என் மேசையில வெக்கிறாங்க. வீட்டுல இவங்க..." அவள் கோச்சக்காவை நோக்கி விரல் நீட்டினாள். "எட்டு வருஷமா தினம் உப்பு கூட, உப்பு கம்மின்னு என் உசுர வாங்கினவங்க. போன வாரம் வேணும்னே உப்பே போடாம சமைச்சு வெச்சேன். ஒரு வார்த்த பேசாம சாப்பிட்டாங்க! ரெண்டாவது தடவ வேற கேட்டு வாங்கினாங்க!"

கோச்சக்காவுக்கு அந்தச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. பாவம், துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று எண்ணித்தான் வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தாள்.

"இந்த இடம் ஒண்ணுலதான் நான் ஏழாம் நம்பரா இருந்தேன். இங்கயும் பாவம் பாக்க ஆரம்பிச்சிட்டாளுங்க." இஸ்திரி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "போதும். இனி நான் ஆடல. இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலது ஷூ கழன்றுவிட்டது. இடது காலுக்குக் கை போனது. டைம் அவுட்டில் இன்னும் அரை நிமிடம்கூட இருக்காது. இந்த ஷூ கழன்றால் இவள் மறுபடி எங்கேயும் ஓடப்போவதில்லை என்பது கோச்சக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சமாதானப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. வந்தது உண்மைதான்.

"அவளுங்களா பண்ணலடி. நான்தான் கேட்டுக்கிட்டேன்."

இஸ்திரியின் கை நின்றது.

"ஆட்டத்துக்கு முன்னாடி. குழாயடியில. உன்கிட்ட பாத்து ஆடச் சொல்லி நான்தான் ஒட்டகத்துகிட்ட சொன்னேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு?"

கம்பியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கோச்சக்காவை அணியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இல்லதான். பயந்துட்டேன். அவனும் போயிட்டான், நீயும் எங்கயாவது விழுந்து மண்டைய ஒடைச்சுக்கிட்டா வீட்டுல நான் யார்கூட சண்ட போடறது?" கோச்சக்கா தரையில் மண்டியிட்டு வலது ஷூவை எடுத்து அவள் காலில் திணித்தாள். "திட்டறத வீட்டுல வந்து திட்டு. இப்ப கேளு. அழுக வந்தா வரட்டும், ஓடிக்கிட்டே அழு, யாரு வேணாங்கறா? முழங்கைய மட்டும் ஒடம்போட வெச்சுக்க. மேசையில உனக்கு ரெண்டு ஃபவுல்தான் எழுதியிருக்காங்க, நியாயமா நாலு ஆகியிருக்கணும். அஞ்சு ஆனா வெளிய. இனிமே ஒண்ணையும் விட மாட்டாங்க."

"ஏன் விட மாட்டாங்க?"

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

அவள் எழுந்து மைதானத்தின் குறுக்கே நேராக எதிர் அணியின் பெஞ்சை நோக்கி நடந்தாள். நடுவர் கையை நீட்டி மறித்தார்.

"மேடம், உங்க பெஞ்சுக்குப் போங்க."

"ஒரே ஒரு வார்த்த, சார்."

"இன்னும் ஒரு அடி வெச்சா உங்க மேல ஃபவுல் குடுக்க வேண்டியிருக்கும். அவங்களுக்கு ஒரு ஷாட் போகும்."

"குடுங்க. எங்களுக்குச் சேர வேண்டிய ஃபவுல் இன்னைக்கு பாதி வரவே இல்ல," என்று சொல்லி, கோச்சக்கா அந்த ஒரு அடியை வைத்தாள். அப்புறம் இன்னும் ஆறேழு அடி. ஒட்டகத்தின் முன்னால் நின்று, அரங்கம் முழுவதும் கேட்கும்படி பேசினாள். குழாயடியில் தாழ்ந்த குரலுக்கும் சேர்த்து இப்போது உயர்ந்தது.

"நான் உங்கிட்ட கேட்டத வாபஸ் வாங்கிக்கறேன். எங்க ஏழாம் நம்பரோட புருஷன் செத்துட்டான். அவன் என் தம்பி. அதுக்காக அவ கால் ஒடைஞ்சு போகல. அவ முன்னாடி வந்தா மறிங்க. முடிஞ்சா."

ஒட்டகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களாக்கா? அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"உன் வருத்தத்த நீ பாத்துக்க."

திரும்பும்போது நடுவரிடமும் சொன்னாள்: "விசில ஊதறதுக்குத்தான் சார் குடுத்திருக்காங்க. கழுத்துக்கு அழகா இருக்குங்கறதுக்கு இல்ல."

நடுவரின் முகம் சிவந்தது. அன்றைக்கு முழு மூச்சோடு ஊதப்பட்ட முதல் விசில் கோச்சக்காவின் மேல்தான்.

ஒட்டகம் கோட்டில் வந்து நின்றாள். பந்தை இரண்டு முறை தட்டினாள். ஒரு கணம் இஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டுமென்றே தவறவிடுவாளோ என்று கோச்சக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. நாற்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது.

"இப்பதான்டி ஆட்டம்," என்றாள் இஸ்திரி.

அடுத்த முறை பந்தோடு அவள் உள்ளே நுழைந்தபோது இரண்டு பேர் சுவராக வந்து நின்றார்கள். எம்பினாள், ஒட்டகத்தின் நீண்ட கை மேலேயே வந்து பந்தைப் பறித்து மைதானத்துக்கு வெளியே வீசியது. இஸ்திரி மல்லாந்து விழுந்து வழுக்கிக்கொண்டே கோச்சக்காவின் காலடி வரைக்கும் வந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கோச்சக்கா கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள், எங்கே நீட்டித் தூக்கிவிடுவோமோ என்று. இஸ்திரி தானாகவே எழுந்தாள். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது. ஓடினாள்.

பதின்மூன்று புள்ளி வெயிலில் வைத்த பனிக்கட்டி மாதிரிக் கரைந்தது. பத்து ஆனது, ஆறு ஆனது. இப்போது அரங்கத்தில் ஒருவருக்கும் பாவம் பார்க்க நேரமில்லை. "ஏய் ஏழு! அது பந்து, இஸ்திரிப் பெட்டி இல்ல, தேய்க்காதே!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு தபால்காரன் கத்தினான். "சட்டையக் கழட்டிக் குடுடா, உன்னையும் சேத்துத் தேய்க்கறேன்!" என்று ஓடிக்கொண்டே பதில் போனது. வரிசை வரிசையாகச் சிரித்தார்கள்.

மூன்றாவது ஃபவுல் எழுதப்பட்டது. கடைசிக் கால்பகுதியில் நான்காவது.

"வெளிய எடுத்து உக்கார வைங்கக்கா," என்று கம்பி மூச்சு வாங்கச் சொன்னாள். "இன்னும் ஒண்ணு வாங்கினா அவ்ளோதான்."

"வாங்கட்டும். அவ வாங்கினதா இருக்கட்டும்," என்றாள் கோச்சக்கா.

ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது. ஐம்பத்து மூன்றுக்கு ஐம்பத்திரண்டு, இன்னும் ஆஸ்பத்திரிதான் ஒன்று முன்னால். ஒட்டகம் பந்தோடு பாய்ந்து வந்தாள். இஸ்திரி குறுக்கே போனாள். இரண்டு உடம்பும் மோதிய சத்தம் கூரையில் எதிரொலித்தது. விசில். நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"பந்துலதான் சார் கை வெச்சேன்! பந்துல! கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

தபால் பக்கத்து வரிசைகள் முழுக்க எழுந்து நின்று ஊளையிட்டன. "போ! போ! வெளிய போ!" என்று தாளம் போட்டுக் கத்தின. அத்தனை சத்தத்துக்கும் நடுவே இஸ்திரி இடுப்பில் கை வைத்துத் தலை நிமிர்ந்து மெதுவாக நடந்து வந்தாள். ஒரு இடத்தில் நின்று அவர்களைப் பார்த்துக் கும்பிடுகூடப் போட்டாள். ஊளை இன்னும் கூடியது. ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை கோச்சக்காவுக்கு அப்போதுதான் வந்தது. அவள் எழுந்து நின்று நடுவரைத் திட்டினாள், தபால் இலாகாவைத் திட்டினாள், கண்ணைத் துடைக்காமல் திட்டினாள்.

ஒட்டகம் இரண்டு ஷாட்டையும் போட்டாள். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. கடைசி நொடியில் கம்பி எறிந்த பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்துப் பார்த்து, வெளியே விழுந்தது.

தோற்றுவிட்டார்கள்.

ஒட்டகம் வந்தாள். மேல் உதடு வீங்கியிருந்தது. "உன்னைப் போயி பாவம்னு நெனச்சேன் பாரு. பல்லு ஆடுதுடி எனக்கு."

"ஐஸ் வை. அடுத்த வருஷம் மிச்சத்தையும் தரேன்," என்றாள் இஸ்திரி.

அரங்கம் காலியான பிறகும் நாத்தனாரும் தம்பி மனைவியும் பெஞ்சை விட்டு எழவில்லை.

"ஒரு பாயிண்ட்ல போச்சு. ஒரே ஒரு பாயிண்ட்," என்றாள் இஸ்திரி. "அந்த ஷாட்ட அவளுக்கு வாங்கிக் குடுத்தது யாரு? நீங்க. ஊருக்கே கேக்கற மாதிரி மேடப் பேச்சு தேவையா? நின்ன எடத்துலருந்து கத்தியிருந்தா போதாதா?"

ஆறு வாரத்துக்கு முந்தைய கோச்சக்காவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அதையே சொன்னாள்.

"வாய மூடுடி. நாலு ஃபவுல கையில வெச்சுக்கிட்டு குறுக்க பாய்வாளா ஒருத்தி? அவ காலப் பாக்கணும்னு எத்தன வருஷமா சொல்றேன்? நீ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கற. அப்புறம், அன்னைக்கு உப்பில்லாம நீ ஆக்கி வெச்சது வாயில வெக்க முடியல. மாட்டுக்கு வெச்சா மாடு முட்டும்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"இப்ப சொல்றேன்ல?"

துடைப்பத்தோடு வந்த காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, தோத்ததுக்கு இப்படியா அடிச்சுக்குவீங்க? நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"இவங்க எனக்கு நாத்தனார்," என்றாள் இஸ்திரி.

"அதானே பாத்தேன்," என்று அவர் அடுத்த வரிசையைப் பெருக்கப் போனார்.

கோச்சக்கா பந்துப் பையைத் தூக்கி அவள் தோளில் மாட்டினாள். முழுப் பையும். "வியாழக்கிழமை அஞ்சரை மணிக்குப் பயிற்சி. ஒரு நிமிஷம் லேட்டானாலும் பத்து சுத்து ஓடணும்."

"பத்து என்ன, இருபது ஓடறேன். கால எப்படிப் பாக்கணும்னு மொதல்ல ஒழுங்கா சொல்லிக் குடுங்க," என்று சொல்லிக்கொண்டே இஸ்திரி முன்னால் நடந்தாள்.