பீடிப் பொட்டல்

பருத்தி வண்டிகளை அவிழ்த்துப் போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற பொட்டலாகத்தான் விருதுநகரில் அந்த இடம் இருந்தது. ஐம்பத்தொன்றில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், நாரணாபுரத்திலிருந்து ரயிலடிக்குப் பட்டாசு லோடு ஏற்றிவந்த சங்கையாவின் வண்டி அங்கே நின்றது. நின்ற வண்டி வெடித்தது. சங்கையாவோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஏன் வெடித்தது என்று எவனுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு ஊர்வாய் சும்மா கிடக்குமா? "வண்டிக்காரன் பீடி பத்தவச்சிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். மறு வருஷமே அது பீடிப் பொட்டல் ஆகிவிட்டது.

பொட்டலின் மேற்கு ஓரத்தில்தான் சங்கையாவின் பெண்டாட்டி பொன்னுத்தங்கம் குடியிருந்தாள். சங்கையா வெற்றிலை போடுவார், பீடியைத் தொட்டவரில்லை. அந்தப் பொட்டலின் பேரை அவள் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. புருஷன் பேரையும் எடுத்ததில்லை. அது அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள வழக்கம். பேரை மாற்றச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுக்கப் போனபோது, "புருஷன் பேரென்ன?" என்று குமாஸ்தா கேட்க, கூட வந்த மகள் இருளம்மாள்தான் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் பொன்னுத்தங்கம் நடையாய் நடந்தாள். அறுபத்து நாலில் ஒருவழியாக நீலப் பலகை வந்தது: 'விடுதலைச் சதுக்கம்'. அதற்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள்.

மறு வருஷம் இருளம்மாளுக்குத் தலைப்பிரசவம். ஒரு மத்தியானம் பனிக்குடம் உடைந்துவிட்டது. பொன்னுத்தங்கம் ரயிலடிக்கு ஓடி, ஜட்கா வண்டிக்காரன் வெள்ளைத்துரையைப் பிடித்தாள்.

"விடுதலைச் சதுக்கம் வரணும்ப்பா. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"சதுக்கமா? சாத்தூர் ரோட்டுல புதுசாப் போட்ட காலனியா? அம்புட்டு தூரம் குதிர தாங்காது ஆத்தா."

"இங்கன கிட்டத்துலதான்ப்பா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் மகள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள். "பீடிப் பொட்டல்."

"அட, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! ஏறுங்க."

வண்டி நகர்ந்ததும் அவனே பேச்சுக் கொடுத்தான். "அங்கன முந்தி பீடிக் கம்பெனி இருந்துச்சாம்ல ஆத்தா?"

பீடி பத்தவைத்த பழி ஊருக்கு மறந்துவிட்டது, அதோடு மனுஷனும் மறந்துபோய்விட்டார். ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்தது.

"இல்லப்பா. அங்கன பட்டாசு வண்டி வெடிச்சு எம் புருஷன் செத்துப்போனாரு. பீடியத் தொட்டதே இல்ல. வெத்தலதான் போடுவாரு."

வெள்ளைத்துரை திரும்பிப் பார்த்தான். "அவுக பேரென்ன ஆத்தா?"

எடுத்துச் சொல்ல மகள் பக்கத்தில் இல்லை.

"சங்கையா" என்றாள் பொன்னுத்தங்கம்.